குதிரைப் படத்தில் தலை பெருத்து, கால் குட்டையாக வருவது ஏன்? நுவரெலியாவில் இதைத் தொழிலாகச் செய்யலாமா?

ஹட்டன் பக்கம் கல்யாண வீடுகளிலும் சடங்கு வீடுகளிலும் படமெடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: கையில் சாதாரண கமரா ஒன்றும் 70–300 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ் ஒன்றும் இருக்கின்றன. நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையில் எடுத்த குதிரைப் படங்களில் தலை மட்டும் பெருத்து, கால்கள் குட்டையாகி, காதுகள் தொங்கிப்போய்க் கிடக்கின்றன. பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா, ஊரில் ஆட்கள் கூடும் ஏப்ரல் சீசனை நம்பி குதிரைப் படத்தையே தொழிலாக்கலாமா? பார்வைக்கு இது லென்ஸ் பற்றிய கேள்வி. உண்மையில் கேட்கப்படுவது, குதிரை குதிரையாகத் தெரிய வேண்டுமென்றால் படமெடுப்பவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதுதான். அதில் பெரும்பகுதியை உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் அது குதிரையின் உடம்பையும் வெயில் விழும் கோணத்தையும் பொறுத்தது. பிழைப்பு பற்றிய பகுதி அவ்வளவு உறுதியானதல்ல. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

பெருத்த தலைக்குக் காரணம் லென்ஸின் தரமல்ல, நீங்கள் நின்ற தூரம். வாவிக் கரையில் குதிரை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஆட்களும் சுற்றி நிற்பார்கள், பின்னால் போக இடமிருக்காது. இரண்டு, மூன்று மீற்றரில் நின்று எடுத்தால், உங்கள் பக்கம் திரும்பிய தலை மிக அருகிலும், பின்புறம் அதைவிட இரண்டு மீற்றர் தள்ளியும் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகத்தான் விழும். மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரை ஏறக்குறைய 2.4 மீற்றர் நீளம். அது படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பி, முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நிற்க வேண்டுமென்றால், உங்களுடையது போன்ற சிறிய சென்சார் (ஒளி பதியும் தகடு) கமராவில் 70 மில்லிமீற்றரில் 10 அல்லது 11 மீற்றரும், 135இல் 20 மீற்றரும் தள்ளி நிற்க வேண்டும். முழுச் சென்சார் கமரா என்றால் 85இல் 8 அல்லது 9 மீற்றர், 135இல் 13 அல்லது 14 மீற்றர். 10 மீற்றர் தாண்டிவிட்டால் உடம்பின் அளவுகள் கண்ணுக்கு உறுத்தாமல் அமைந்துவிடும். அதற்கு மேல் போவது பின்னணியை மங்கலாக்குவதற்கு மட்டுந்தான்.

கால் குட்டையாவதற்குக் காரணம் கமராவின் உயரம். நின்றபடி கண்ணருகே கமராவை வைத்து எடுத்தால், ஒரு சிறிய போனியை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறீர்கள். முதுகு அகலமாகி கால் சுருங்கிவிடும். கமரா வயிற்றுப் பகுதியின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். கழுத்தும் முதுகும் சேரும் மேடு 1.6 மீற்றர் இருக்கும் பந்தயக் குதிரைக்கு அது ஏறக்குறைய 1.1 மீற்றர். வாவிக் கரைப் போனிக்கு 90 சென்ரிமீற்றர் போதும். அதாவது ஒரு முழங்காலை ஊன்றி உட்கார வேண்டும். குதிரைக்கு நேர் பக்கவாட்டில், சேணத்தின் வயிற்றுவார் கட்டும் இடத்தைப் பார்த்தபடி அமருங்கள். அந்த இடத்திலிருந்து தலைப்பக்கம் இரண்டடி நகர்ந்தாலே மார்பு புடைக்கும், வால்பக்கம் நகர்ந்தால் பின்புறம் கனக்கும். படுத்துக்கொண்டு எடுக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது குதிரையைக் கோயில் தேர் மாதிரி உயர்த்திக் காட்டுமே தவிர, குதிரையை அறிந்தவர் கண்ணுக்குப் பொய்யாகவே படும்.

அடுத்தது தரை. மலைநாட்டில் இதுதான் பெரிய தொல்லை, சமவெளியில் எழுதப்பட்ட பாடங்கள் இதைக் கண்டுகொள்வதேயில்லை. சரிவில் தலை கீழ்நோக்கி நிற்கும் குதிரைக்கு பின்புறம் உயர்ந்து, தோள் அமுங்கி, எவ்வளவு நல்ல குதிரையும் கோணலாகத் தெரியும். சமதரை கிடைக்காவிட்டால் முன்கால்கள் நாலு விரல் மேட்டில் இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். மறுபக்கம் ஒருபோதும் வேண்டாம். புல் குளம்பை மூடக் கூடாது. குளம்பு தெரியாத படத்தை வாங்குபவர் நம்பமாட்டார். பின்னால் தேயிலை மலை இருந்தால், மலையின் விளிம்புக் கோடு குதிரையின் முதுகோடு ஒட்டிப் போகாமல் பாருங்கள். கம்பிவேலி, மின்கம்பம், வாவியின் அன்னப் படகு எல்லாம் இரண்டடி நகர்ந்தால் மறையக்கூடியவை. பின்னால் கணினியில் அழிப்பதைவிட இப்போது நகர்வது சுலபம்.

நிற்கும் முறைக்குப் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு, அதை மாற்ற வேண்டிய தேவையில்லை. குதிரையின் இடப்பக்கத்திலிருந்து எடுப்பது வழக்கம். பிடரிமயிரை வலப்பக்கம் விழும்படி வாருவார்கள் என்பதால் இடப்பக்கத்தில் கழுத்து முழுதாகத் தெரியும். உங்கள் பக்கத்து முன்கால் செங்குத்தாகவோ ஒரு சாண் முன்னேயோ இருக்க, மறுபக்கத்து முன்கால் கொஞ்சம் பின்னே இருக்க வேண்டும். பின்கால்களில் உங்கள் பக்கத்தது பின்னேயும், மறுபக்கத்தது உள்ளே தள்ளி முன்னேயும் இருக்க வேண்டும். அப்போது நாலு காலும் தனித்தனியாகத் தெரியும். காலைப் பிடித்து நகர்த்தாதீர்கள். குதிரையைப் பிடித்திருப்பவர் ஒரு அடி முன்னே நடத்தி, மெல்லப் பின்னே தள்ளினால் தானாக அமையும். ஐந்தாறு தடவை முயன்றும் அமையாவிட்டால் ஒரு சுற்று நடத்திவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் திருத்தினால் குதிரை காலைத் தட்டத் தொடங்கும். அதன் பிறகு அன்றைக்கு நல்ல படம் கிடைப்பது அரிது.

தொங்கிய காதுக்கு வருவோம். காதுதான் குதிரையின் முகபாவம். முன்னோக்கி நிமிர்ந்தால் ஏதோ ஒன்றைக் கவனிக்கிறது, பக்கவாட்டில் தளர்ந்தால் களைத்திருக்கிறது அல்லது தூங்கி வழிகிறது, பின்னோக்கி ஒட்டிப் படிந்தால் கோபம். கோபத்தில் இருக்கும்போது படமெடுக்காமல் விலகி நில்லுங்கள். காதை நிமிர்த்த உங்களைத் தவிர இன்னொருவர் வேண்டும். குதிரை பார்க்க வேண்டிய திசையில், ஏழெட்டு மீற்றர் தள்ளி அவர் நிற்கட்டும். தீனிப் பையைச் சரசரப்பது, புல்லைப் பிடுங்கி மேலே எறிவது, போனில் இன்னொரு குதிரையின் கனைப்பை ஒலிக்க விடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வேலை செய்யும். எது என்பது குதிரைக்குக் குதிரை மாறும். ஆனால் எந்தச் சத்தமும் மூன்று, நாலு தடவைக்கு மேல் பலிக்காது என்பது பொதுவாக எல்லாக் குதிரைக்கும் பொருந்தும். ஆகவே கால்கள் அமைந்து, ஆள் விலகி, நீங்கள் தயாரான பிறகே முதல் சத்தம். புதியவர்கள் தொடக்கத்திலேயே எல்லா வித்தையையும் காட்டித் தீர்த்துவிடுகிறார்கள். கால் சரியாக நிற்கும் நேரத்தில் காது எழும்புவதில்லை.

லாயத்துக்குப் போகுமுன் சொல்லி வைக்க வேண்டியவை சில. உடம்பைத் தேய்த்து, ஈரத்துணியால் கண்ணோரமும் மூக்கும் துடைத்து, குளம்பைக் கழுவி, வாயில் புல் இல்லாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். நீல நைலோன் கயிறு வேண்டாம், துடைத்த தோல் கடிவாளம் போடட்டும். தீனி நேரத்துக்கு முன் போனால் பசியில் நிற்காது. ஓட்டப் பயிற்சி முடிந்து, உடம்பு ஆறி, வியர்வை காய்ந்த பிறகு பொதுவாக அமைதியாக நிற்கும். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு குதிரையை நிறுத்தி வைக்காதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நுவரெலியாவுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். ஊர் ஏறக்குறைய 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் 8ஆம் திகதியளவில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சீசனும் புத்தாண்டும் குதிரைப் பந்தயமும் நடப்பது சரியாக அந்த நாட்களில். உச்சி வெயிலில் முதுகு பளபளக்கும், வயிறும் கால்களும் கறுத்துவிடும், ஜொக்கியின் (பந்தயக் குதிரை ஓட்டுபவரின்) கண் தொப்பி நிழலில் மறைந்துவிடும். காலை ஆறு மணியை ஒட்டி உதிக்கும் சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் ஏறுகிறது. ஒன்பது மணி தாண்டிய கையோடு 45 பாகையை எட்டிவிடும். அதைக் கணிக்கக் கருவி வேண்டாம், தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை நிற்கும் குதிரையை எடுக்கலாம். குட்டையானதும் நிறுத்திவிட்டு, பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு பாருங்கள். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலையை நம்புவதே நல்லது.

பனிமூட்டத்தைப் பலர் கெட்ட வெளிச்சம் என்று நினைத்துக் கமராவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிய மூட்டம் குதிரைக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வெளிச்சம். நிழல் மென்மையாகிறது, பின்னால் இருக்கும் ஹோட்டல்களும் கடைகளும் மறைந்துவிடுகின்றன, தோலின் நிறம் மட்டும் நிற்கிறது. ஆனால் கமரா ஏமாறும். வெள்ளை மூட்டத்தைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். அதற்கு 0.7 முதல் 1 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டுங்கள். மூட்டமில்லாத வேளையில் கறுத்த குதிரை சட்டகத்தை நிரப்பினால் மறுபக்கமாக ஏமாறும், அங்கே 0.7 ஸ்டொப் குறையுங்கள். வெள்ளைக் குதிரைக்கு எந்த வேளையிலும் முதுகின் வெளுத்த பகுதி எரிந்துவிடாமல் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் கமரா காட்டும் வரைபடத்தை) பார்ப்பது அவசியம். நிற வெப்பத்தைத் தானியங்கியில் விடாமல், வெயிலில் 5500, மூட்டத்தில் 6500 அளவில் நிலையாக வைத்தால் ஒரே குதிரை படத்துக்குப் படம் நிறம் மாறாது. தேயிலைக்கும் புல்வெளிக்கும் நடுவே நிற்கும் வெள்ளைக் குதிரையின் வயிற்றில் பச்சைச் சாயல் ஏறும். அதை எடுக்கும்போது தடுக்க வழியில்லை, ரோ கோப்பில் (கமரா திருத்தாத மூலப் பதிவில்) எடுத்துப் பின்னர் அந்தப் பகுதியில் மட்டும் குறைக்க வேண்டும்.

இனி ஓட்டம். குதிரைக்கு, வேகம் கூடும் வரிசையில், நடை, ட்ரொட், கென்டர், கெலப் என நாலு கதி. நடை நாலு தட்டு (குளம்பு தரையில் படும் ஒலி), ட்ரொட் இரண்டு தட்டு, கென்டர் மூன்று தட்டும் ஒரு மௌனமும், முழு வேகக் கெலப் மறுபடி நாலு தட்டும் ஒரு மௌனமும். மௌனத்தில் நாலு காலும் தரையில் இல்லை. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ அல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கமராக்களை வைத்து எடுத்த படங்கள்தான், அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்பதைக் காட்டின. அதற்கு முந்திய ஓவியர்கள் முன்கால் முன்னேயும் பின்கால் பின்னேயும் விரிந்து பறப்பதாகவே வரைந்தார்கள். இது வெறும் சரித்திரச் செய்தியல்ல. அந்தரத்தில் பிடித்தால் அழகாக இருக்கும் என்று நினைத்து அழுத்துபவருக்குக் கிடைப்பது சுருண்ட கால்கள். கென்டரில் பார்க்க நன்றாக இருப்பது இரண்டாம் தட்டு, அதாவது குறுக்கான இரண்டு கால்கள் தரையில் ஊன்றி, முன்னணிக் கால் (கடைசியாக ஊன்றும் முன்கால்) நீண்டு வரும் நேரம். ட்ரொட்டில் உங்கள் பக்கத்து முன்கால் முழுதாக நீண்ட நேரம். விரலுக்கும் மூளைக்கும் நடுவே தாமதம் இருப்பதால் கென்டரில் முதல் தட்டு காதில் விழும்போதே அழுத்த வேண்டும். கமரா இல்லாமல் பயிற்சித் தளத்தின் ஓரத்தில் நின்று, கண்ணை மூடித் தட்டுகளை எண்ணிப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி.

பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர். பக்கவாட்டில் கமராவை அசைக்காமல் 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அந்த நேரத்துக்குள் உடம்பு 1.7 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், முன்னே வீசும் குளம்பு அதைவிட வேகம். ஆகவே 1/1600இலிருந்து 1/2000. உங்கள் லென்ஸ் 300இல் எப் 5.6 தான் திறக்கும் (எப் எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்). மங்கலான மேகமூட்டத்தில் அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1200 வரை வரும், அடர்ந்த காலை மூட்டத்தில் 5000 வரை ஏறும். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை மன்னிப்பார்கள், கலங்கிய கண்ணை மன்னிக்கமாட்டார்கள். ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். கெலப்பில் ஒரு குதிரை நொடிக்கு இரண்டுக்குச் சற்று அதிகமான பாய்ச்சல் வைக்கும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கமராவிலும் ஒரு பாய்ச்சலுக்கு நாலைந்து படம்தான், அதில் ஒன்று சரியாக அமையலாம். சத்தமில்லாத இலத்திரனியல் ஷட்டரை ஓட்டத்தில் தவிருங்கள். பெரும்பாலான கமராக்களில் அது சட்டகத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், வேகமாகப் போகும் மெல்லிய கால்களும், கமராவைத் திருப்பும்போது பின்னால் இருக்கும் வேலித் தூண்களும் சாய்ந்து விழும். லாயத்தில் மிரளும் குதிரைக்கு அதே ஷட்டர் நல்லது.

குவியத்துக்குத் தொடர் முறையும், நடுவில் சிறு கூட்டமாகப் புள்ளிகளும் வைத்துக் குதிரையின் தலைக்கும் தோளுக்கும் இடையே பிடியுங்கள். முகம் கண்டறியும் வசதி இருந்தால், அது ஜொக்கியின் முகத்தைத் தேடிப் போகும். விலங்கு முறைக்கு மாற்றுங்கள். மூட்டத்தில் கமரா குவியம் தேடித் தடுமாறினால், கடிவாளத்தின் விளிம்பு போன்ற கறுத்த கோட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். அருகில் நின்று முகத்தை மட்டும் எடுக்கும்போது வேறு சிக்கல். குதிரைத் தலை ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீளம். முழுச் சென்சாரில் 200 மில்லிமீற்றர், எப் 2.8, ஐந்து மீற்றர் என்றால் தெளிவாக விழும் ஆழம் 10 சென்ரிமீற்றர் மட்டுமே. கண் தெளிந்து மூக்கு கரைந்துவிடும். முன்னிருந்து எடுத்தால் எப் 8க்கு மூடுங்கள் அல்லது தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள்.

நுவரெலியாப் பந்தயத் திடலில் 1875இலிருந்து குதிரைகள் ஓடுகின்றன, கவர்னர்ஸ் கப், குயின்ஸ் கப் பந்தயங்கள் இரண்டும் ஏப்ரல் சீசனில்தான். வேலிக்கு உள்ளே நிற்க அனுமதி வேண்டும், அது முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் கேட்டு வாங்க வேண்டியது. உங்கள் கமராவில் 300இல் ஒரு குதிரை சட்டகத்தை நிரப்ப 45 மீற்றர் தூரம் சரி. நாலைந்து குதிரை சேர்ந்து வரும்போது அதே இடத்தில் 150க்கு இழுங்கள். வெற்றிக் கோட்டில் யார் முந்தினார் என்று தீர்ப்பது உங்கள் படமல்ல, அதற்கென்று கோட்டை மட்டும் தொடர்ந்து பதியும் தனிக் கருவி வேறு. ஆகவே கோட்டுக்கு நேரே நின்று தவிக்காமல், கோட்டைத் தாண்டிச் சற்று முன்னே நில்லுங்கள். முதலாவதாக வந்த குதிரையின் முகமும், ஜொக்கி எழும்பி உட்காரும் நேரமும் கிடைக்கும். வெளிச்சம் போய்விட்டால் 1/40க்கு இறக்கி, குதிரையோடு கமராவையும் ஓட விடுங்கள். பத்தில் ஒன்பது வீணாகும், மிஞ்சும் ஒன்று மற்ற எவர் கையிலும் இருக்காது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் நிகழ்ச்சித்தாளின் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேணத் துணியின் இலக்கமும் ஜொக்கிச் சட்டையின் நிறமும் அதில் இருக்கும். மாலையில் நூற்றுக்கணக்கான செம்பழுப்புக் குதிரைகளுக்குப் பெயர் போட உதவுவது அதுதான். பெயர் பிழைத்த படத்தை உரிமையாளர் வாங்குவதில்லை.

பாதுகாப்பில் சமரசம் கிடையாது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் பார்க்கும். நெற்றிக்கு நேரே மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடத்திலிருந்தும் அணுகாதீர்கள். இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வாருங்கள். பின்கால் எட்டாதபடி மூன்று மீற்றருக்கு மேல் விலகியிருங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், ட்ரோனும் வேண்டாம். மழை வந்தால் குதிரையருகே குடையை விரிக்காதீர்கள், சட்டென்று விரியும் குடை எந்தக் குதிரையையும் மிரட்டும். சரசரக்காத துணியில் மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி அழைத்து வரும் கல்யாணம் கிடைத்தால், தப்பு அடிப்பவர்களையும் பட்டாசையும் குதிரையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி வீட்டாரிடம் முதல் நாளே பேசுங்கள். அன்று காலையில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கருவிக்கு நம் ஊரில் எதிரி ஈரம். நுவரெலியாக் குளிரில் விறைத்த கமராவை அப்படியே கொண்டு போய் கம்பளையிலோ கொழும்பிலோ பையைத் திறந்தால், சூடான ஈரக்காற்று கண்ணாடியில் நீராகப் படியும். சிப் பூட்டிய பையிலேயே ஒரு மணி நேரம் கிடந்து வெப்பம் ஏறிய பிறகு திறக்க வேண்டும். நாள்தோறும் ஈரம் படியும் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பிடித்த பிறகு முழுதாகப் போக்குவது கடினம். காற்றுப்புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி, இவ்வளவு போதும். அளவு 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கட்டும். சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம்.

வாவிக் கரைப் போனிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் நன்றாகக் கவனிக்கப்படுபவையும் உண்டு, விலா எலும்பு தெரிய நாள் முழுக்க ஆட்களைச் சுமப்பவையும் உண்டு. காது தொங்கிய படம் சில வேளை உங்கள் தவறல்ல, குதிரை உண்மையிலேயே களைத்திருக்கிறது. சீசன் கூட்டத்தில் மதியத்துக்குப் பிறகு அதை நிமிர்த்த முயலாமல், காலையில் முதல் ஆள் ஏறுமுன் போங்கள். குதிரைக்காரரிடம் கேட்டு, அவர் நேரத்துக்கு ஏதாவது கொடுத்து எடுங்கள், அது அவருடைய பிழைப்பு நேரம். நொண்டலோ காயமோ கண்ணில் பட்டால் காரணத்தை நீங்களே முடிவு செய்யாமல் அவரிடம் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர். விற்பனைக்கான படத்தில் தழும்பை அழிப்பதும், காலை நேராக்குவதும், விலாவை மூடுவதும் ஏமாற்று. முகத்துப் பருவை மறைக்கும் கல்யாணப் படப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. வாங்குபவர் அந்தப் படத்தை நம்பித்தான் காசு கொடுக்கிறார்.

இனிப் பிழைப்பு. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நுவரெலியாவில் குதிரைப் படத்தை மட்டும் நம்பி ஆண்டு முழுக்கக் குடும்பம் நடத்துவது இயலாத காரியம். குதிரைகளும் உரிமையாளர்களும் குறைவு, பந்தயம் சில நாட்களே. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை. உறுதியில்லாதது, கல்யாண வேலையோடு சேர்த்து இதிலிருந்து எவ்வளவு வரும் என்பது. அது உங்கள் ஊரைவிட உங்கள் பெயரைப் பொறுத்தது, ஒரு தொகையைச் சொல்லி உங்களை நம்ப வைப்பது சரியல்ல. காசு கொடுக்கக்கூடியவர்கள் யார் என்று சொல்லலாம். வென்ற குதிரையின் உரிமையாளரும் பயிற்றுநரும் மூன்று படத்தை விரும்புவார்கள்: கோட்டைத் தாண்டும் படம், குதிரையைக் கையில் பிடித்து நடத்தி வரும் படம், கிண்ணத்தோடு நிற்கும் படம். குதிரை ஏறப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர், கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்குக் குதிரை கேட்கும் சோடிகள், பழைய பங்களா ஹோட்டல்கள் இன்னும் சிலர். பந்தயம் முடிந்த மாலையே சிறிய அளவில் மாதிரி அனுப்பியவருக்குத்தான் வேலை, ஒரு வாரம் கழித்து அனுப்புபவருக்கு நன்றி மட்டும் கிடைக்கும். முழுப் படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள். ஹோட்டல் விளம்பரத்துக்குப் போகும் படத்துக்கும் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்துக்கும் ஒரே விலை போடாதீர்கள். எதற்கு, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், உங்கள் பெயர் வருமா என்பதை முற்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆகவே லென்ஸ் வாங்கக் கடன் எடுக்க வேண்டாம். உங்கள் 70–300 நிற்கும் குதிரைக்கு முழுதாகப் போதும், பகல் வெளிச்சத்தில் பந்தயத்துக்கும் போதும். அது தோற்கும் இடம் அடர்ந்த மூட்டமும், எதிரே நேராக ஓடி வரும் குதிரையும் மட்டும். அந்த இரண்டுக்காக எப் 2.8 திறக்கும் 70–200 ஒன்றை ஏப்ரல் பந்தய நாட்களுக்கு வாடகைக்கு எடுங்கள். புத்தாண்டு வாரத்தில் கேட்டால் கிடைக்காது, மார்ச்சிலேயே சொல்லி வையுங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே உங்கள் கமராவில் பூட்டி, ஓடும் வாகனங்களில் குவியம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.